றைற் அண்ணையின் பூநகரிப் பெட்டி

மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் தேனீ கொட்டாது என்று நான் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. தலைமயிர் பாதி போன பிறகு, அரச கந்தோரில் மூத்த லிகிதராக இருந்துகொண்டு, நாலு பேருக்குப் புத்தி சொல்லும் தகுதியோடு நம்பினேன். யார் இதைச் சொல்லித் தந்தார்கள் என்று ஞாபகமில்லை. ஆனால் வாழ்க்கையில் நான் விடாமல் பின்பற்றிய கொள்கை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

அந்தக் கொள்கைக்குச் சோதனை வைத்தவர் பக்கத்து வளவு றைற் அண்ணை. கிளிநொச்சியில் இருந்து எந்தத் திசைக்குப் பஸ் ஏறினாலும் அவரைப்போல் ஒருவரைக் காணமாட்டீர்கள். மனிதரையும் தேனீயையும் ஒரே மாதிரி அதட்டலாம், ஒரே மாதிரி உள்ளே தள்ளலாம், ஒரே மாதிரி ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நம்பிய ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் முழிப்பார்கள். பூநகரிப் பாதையில் நெடுங்காலம் பஸ் கொண்டக்ரராக இருந்தவர். பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி "றைற்!" என்று அவர் கத்தினால் பஸ் மட்டுமல்ல, தெருவில் படுத்திருந்த மாடுகளும் வெளிக்கிடும். ஓய்வு பெற்றபோது அவருடைய தொண்டை ஓய்வு பெற மறுத்துவிட்டது. சாப்பிட்டு முடித்தால் கோப்பையில் இரண்டு தட்டு, "றைற்." கோயிலில் தீபம் காட்டி முடிந்தால் தூணில் இரண்டு தட்டு, "றைற்." ஒருமுறை செத்த வீட்டில் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். பழக்க தோஷத்தில் அதிலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். ஒருவரும் கோபிக்கவில்லை. போகிறவருக்கு அவர் கையால் ஒரு றைற் கிடைத்தது நல்லதுதான் என்று ஊர் ஏற்றுக்கொண்டது.

இப்படிப்பட்டவர் ஒரு பங்குனி மாதத்தில் எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் நாலு மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியோரம் வரிசையாக வைத்தார். என் கிணற்றடிக்கு நேர் எதிரே.

"அண்ணை, உது என்ன?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"டிப்போ."

"உள்ளுக்கு என்ன?"

"ஆக்கள்."

அப்போதுதான் "ஆக்களில்" ஒருவர் பெட்டி ஓட்டையால் வெளியே வந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் பறந்து வந்தார். நான் மூச்சை அடக்கினேன். கிணற்றடியில் இருந்து குசினி வாசல் வரை அடக்கியபடியே நடந்தேன்.

"இஞ்சாருங்கோ, ஏன் முகம் கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு?" என்று மனைவி வதனி கேட்டாள்.

"தேனீ!"

"கொட்டினதோ?"

"இல்லை. மூச்சை அடக்கினபடியால் தப்பினன்."

அவள் என்னை நீண்ட நேரம் பார்த்தாள். கலியாணம் பேசி வந்த காலத்தை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

நாலு பெட்டிகளுக்கும் றைற் அண்ணை பெயர் வைத்தார். பூநகரி, முல்லைத்தீவு, ஓமந்தை, எக்ஸ்பிரஸ். முல்லைத்தீவு எப்போதும் நிரம்பி வழியும். எக்ஸ்பிரஸ்காரர் ஒரு பூவிலும் ஒழுங்காக நிற்கமாட்டார்கள். ஓமந்தையின் வாசலில் காவல் தேனீக்கள் உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் மோந்து, தடவி, திருப்பிப் பார்த்துத்தான் விடும். "பேர் சும்மா வைக்கேல்லைத் தம்பி. சண்டைக் காலத்தில ஓமந்தைச் சோதனைச்சாவடியெண்டால் முழுச் சோதனைதான். அடையாள அட்டை இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினம்" என்பார். பூநகரிதான் நோஞ்சான். மற்றப் பெட்டிகள் ரீங்காரம் போடும்போது அது முனகும். பெரிய பஸ் போகாத பாதை என்று அதற்கு அந்தப் பெயர்.

காலமை எழும்பியதும் ஒரு கதிரையை இழுத்துப் பெட்டிகளின் முன்னால் போட்டு, தேத்தண்ணியோடு உட்கார்ந்துவிடுவார். வேம்பு பூத்து ஊரெல்லாம் மணத்த காலம் அது. தேனீக்கள் போவதும் வருவதுமாகப் பெரிய அமளி. அவர் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டி, "வாசல்ல நிக்காதேங்கோ! உள்ளுக்குப் போங்கோ! உள்ளுக்கு இடம் கிடக்கு!" என்று கத்துவார். தேன்பெட்டியில் தட்டக்கூடாது என்று பயிற்சியில் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். "அவை பஸ்ஸில வேலை செய்தவையோ?" என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். தட்டிய கையில் நாளுக்கு ஒரு கொட்டாவது வாங்குவார். அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "புது ஆக்கள். பழகுவினம்" என்பார்.

முதல் தேன் எடுத்த அன்று ஒரு போத்தல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றோடு என் வீட்டில் எனக்கிருந்த ஆதரவு முடிந்தது. அதுவரை "உந்தப் பெட்டியளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ" என்று என்னை ஏவிக்கொண்டிருந்த வதனி, விரலை நக்கியபடி, "வேணுமெண்டால் நீங்கள் கொஞ்சம் தள்ளிக் குளியுங்கோவன்" என்றாள்.

வைகாசியில் அந்த யுத்தம் நடந்தது. முல்லைத்தீவுப் பெட்டி நிரம்பித் தொங்கியது. ஓமந்தையில் ஆள் குறைவு. றைற் அண்ணை பஸ் மூளையால் யோசித்தார். முன்னால் போகிற பஸ்ஸில் மிதிபலகை வரை ஆட்கள் தொங்கும்போது, பின்னால் வருகிற பஸ் வெறுமையாக ஓடலாமா? முல்லைத்தீவில் இருந்து தேனீக்கள் மொய்த்த இரண்டு தேனடைச் சட்டங்களைத் தூக்கி ஓமந்தைக்குள் இறக்கினார். இரண்டு தட்டு. "றைற்!"

அடுத்த நிமிடம் ஓமந்தையின் காவல்காரர் தங்கள் வேலையைக் காட்டினார்கள். அடையாள அட்டை இல்லாத இத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் விடுவார்களா? பெட்டி கொதித்தது. வேலிக்கு மேல் ஒரு கறுப்பு முகில் எழும்பியது. நான் அந்த நேரம் கிணற்றடியில் அரை முகத்துக்கு மட்டும் சவரம் செய்து முடித்திருந்தேன். மூச்சை அடக்கினேன். அசையாமல் நின்றேன். ஒன்று என் காதுக்குள் பாட்டுப் பாடியது. கொள்கையில் ஒரு சிறு திருத்தம் செய்துகொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்ந்தேன். மூச்சை அடக்கவேண்டும் என்ற விஷயத்தில் என் கொள்கையும் விஞ்ஞானமும் ஒத்துப்போனது அந்தத் தொட்டிக்குள் மட்டும்தான்.

தலையை வெளியே நீட்டியபோது வேலிக்கு அந்தப் பக்கம் றைற் அண்ணை நின்றார். ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. மேல்உதடு தனியாக ஒரு திசைக்கு வெளிக்கிட்டிருந்தது.

"பிழை என்ரைதான் தம்பி," என்றார். "ரிக்கற் பாராமல் ஏத்திப்போட்டன்."

பிறகு சோழகக் காற்றுத் தொடங்கியது. வெயிலும் காற்றும் சேர்ந்து நிலத்தை வறுத்தன. குளத்தில் தண்ணீர் இறங்கியது, பூ என்று சொல்ல ஊரில் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் வெக்கை தாங்காமல் தேனீக்கள் வெளியே வந்து, வாசலில் தாடிபோலக் கொத்தாகத் தொங்கின. "மிதிபலகையில தொங்காதேங்கோ! விழுந்தால் நான் பொறுப்பில்லை!" என்று அவர் கத்தினார். கத்திவிட்டுச் சாக்கை நனைத்துப் பெட்டிகளின் மேல் போட்டார். காய்ந்தால் திரும்ப நனைத்தார். தென்னோலை வெட்டி நிழல் கட்டினார். தேனீக்களோ தண்ணீர் தேடி என் கிணற்றடிக்கு வந்தன. அந்த மாதங்களில் நான் குளித்த குளிப்பெல்லாம் ஒரே மூச்சுக் குளிப்பு. சவர்க்காரம் போடுவதற்கு ஒரு மூச்சு, கழுவுவதற்கு ஒரு மூச்சு. முதுகு தேய்ப்பதை ஆவணி வரை ஒத்திவைத்தேன்.

ஒருநாள் காலமை எக்ஸ்பிரஸ் வெறும் பெட்டியாகக் கிடந்தது. ஒன்றுகூட இல்லை. முழுக் குடும்பமும் பறந்து போய்விட்டது.

"எக்ஸ்பிரஸ் எண்டால் எங்கயும் நிண்டு போகாது," என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று முழுதும் அந்த வெறும் பெட்டியை நிழலில் இருந்து எடுக்கவில்லை. திரும்பி வந்தால் இடம் வேண்டுமே.

யுத்தத்தில் நொந்துபோன ஓமந்தையை மெழுகு தின்னும் புழு பிடித்து அழித்தது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் பகிடி தொடங்கியது.

"என்ன அண்ணை, சேர்விஸைக் குறைச்சுப்போட்டியளாம்?"

"ஓடுறது ஓடும்."

"கடைசி பஸ் எத்தினை மணிக்கு அண்ணை?"

"நீ ஏறுறியோ, இல்லை வாசல்ல நிண்டு கதைக்கிறியோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழும்பி வந்துவிடுவார்.

ஐப்பசியில் மழை வந்தது. மழைக்கு முன்பே மின்கம்பியில் பச்சைக் குருவிகள் வரிசையாக வந்து உட்கார்ந்து, பறக்கிற தேனீக்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னத் தொடங்கின. "ரிக்கற் செக்கர்மார் ஏறிட்டினம்!" என்று அலறிக்கொண்டு றைற் அண்ணை தகரப் பேணியைத் தட்டியபடி ஓடுவார். குருவிகள் அடுத்த கம்பிக்கு மாறும். அவரும் மாறுவார். அந்த வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒழுங்கை முழுதும்.

எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளுக்குள் வைத்திருந்தார். ஒரு பெருமழை இரவில் புல் ஒன்று சாய்ந்து முல்லைத்தீவின் காலில் முட்டியது. எறும்புக்கு அது போதும், பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி. காலமை அவர் பார்த்தபோது அந்தப் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது எறும்பு மட்டும்தான்.

நாலில் மிஞ்சியது ஒன்று. எந்தக் காலத்திலும் ஒழுங்காகச் சத்தம் போடாத பூநகரி.

எனக்கே பாவமாக இருந்தது. மழையில் குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டு நின்ற மனிதரிடம் வேலிக்கு மேலால் சொன்னேன். "அண்ணை, காணும். விட்டுப்போட்டு நிம்மதியா இருங்கோவன். உதால என்ன வரப்போகுது?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தம்பி, கடைசிச் சண்டையில இடம்பெயர்ந்த நேரம் நான் பஸ்ஸிலதான் வந்தனான். சனம் நிரம்பி, கூரையிலயும் சனம். ரோட்டு அடைச்சுப்போச்சு. நடுவழியில பஸ்ஸை விட்டிட்டு எல்லாரையும் இறங்கி நடவுங்கோ எண்டு சொன்னது நான்தான். ஏறின ஆக்களை ஊர் சேர்க்காமல் இறக்கினது அந்த ஒருக்காத்தான்." குடையைச் சரித்துப் பிடித்தார். "இனி ஒருத்தரையும் நடுவழியில இறக்கமாட்டன். இதுகள் வேம்பு பூக்குமட்டும் தாக்காட்டினால் தப்பியிடும். தாக்காட்டும். நான் விடமாட்டன்."

  பெட்டிக்கு மேல் தகரம் போடக் கதிரையில் ஏறியவர், அடுத்த கிழமையே சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். முழங்கால் வரை மாவுக்கட்டு. கமக்கட்டில் ஊன்றுகோல். மழைக்காலத்தில் பூ இல்லாதபடியால் தேனீக்களுக்குச் சீனிப் பாணி வைக்கவேண்டும். யார் வைப்பது?

"இவர் வைப்பார்," என்றாள் வதனி.

எனக்குச் சீனி வருத்தம் என்று சொல்லி வருடக்கணக்காக வெறும் தேத்தண்ணி தருகிறவள், பூச்சிக்குக் கிண்ணம் கிண்ணமாகப் பாணி காய்ச்சினாள். நான் அதைச் சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க ஈர்க்குத் துண்டுகளைப் போட்டு, மூச்சை இழுத்து அடக்கி, ஓடிப்போய்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஓடிவந்து குசினி வாசலில் மூச்சு விடுவேன். றைற் அண்ணை தன் வாசலில் கதிரையில் இருந்து பார்ப்பார்.

"தம்பி, மூச்சு விட்டுக்கொண்டு போனால் என்ன?"

"கொட்டும் அண்ணை."

"உமக்கு ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் அண்ணை."

"எனக்குத் தெரியாதே," என்றார், கொட்டு வாங்கி வாங்கித் தடித்த கையைத் தடவிக்கொண்டு. நானும் அவரை இரக்கத்தோடு பார்த்தேன். இவ்வளவு காலமும் மூச்சை விட்டுக்கொண்டு பெட்டி திறந்த மனிதர், பாவம்.

தை மாதம். மழை ஓயத் தொடங்கியது. பூநகரி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஒழுங்கையால் போனது. டெங்குக் காய்ச்சல் கூடிவிட்டதால் நாளை காலை தொடங்கி ஒரு கிழமைக்கு வீடு வீடாக நுளம்புப் புகை அடிக்கப்படும், கதவு யன்னல்களைத் திறந்து வைத்து ஒத்துழைக்கவும்.

நான் வேலிக்கு ஓடினேன். றைற் அண்ணை ஏற்கெனவே ஊன்றுகோலோடு எழும்பி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் புகைக்கு நுளம்பு ஆர், தேனீ ஆர் எண்டு தெரியாது தம்பி."

"வாசலை அடைச்சு வைச்சால்?"

"ஒரு கிழமை அடைச்சால் உள்ளுக்கையே அவிஞ்சுபோம்."

"அவையிட்டச் சொல்லிப் பாப்பமே, இந்த வளவை விடச்சொல்லி?"

அவர் மறுத்துத் தலையாட்டினார். "அவை செய்யிறது சரி. பிள்ளையளுக்கெல்லோ காய்ச்சல். நாங்கள்தான் எழும்பிப் போகவேணும். இடம்பெயருறது எங்களுக்குப் புதுசோ?" கைத்தொலைபேசியை எடுத்தார். பூநகரியில் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் தன் பழைய பஸ் சாரதியைக் கூப்பிட்டார். இத்தனை காலமாகியும் அவரை "என்ரை றைவர்" என்றுதான் சொல்வார். பேச்சு நீளவில்லை. "டேய், கடைசி பஸ்ஸில வாறன். சைக்கிளோட நில்."

முதலில் ஓட்டோ பிடித்துப் பார்த்தோம். "பெட்டிக்குள்ள என்ன அண்ணை?" என்று ஓட்டோக்காரன் கேட்டான். பொய் சொல்லத் தெரியாத மனிதர் உண்மையைச் சொன்னார். அன்று எங்கள் ஒழுங்கையில் "றைற்" என்று சொல்லி வெளிக்கிட்டது அந்த ஓட்டோக்காரன்தான்.

ஆகவே பஸ். ஊன்றுகோல் பிடித்தவர் பெட்டி தூக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒருவர். வதனி என் வெளிச்சட்டையைக் கொண்டுவந்து நீட்டியபோது அந்த ஒருவர் யார் என்று எனக்கு விளங்கியது.

மைம்மல் பொழுதில், தேனீக்கள் எல்லாம் உள்ளே அடைந்த பிறகு, "வழிக்குச் சாப்பாடு குடும்" என்று றைற் அண்ணை சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு கடைசியாக ஒருமுறை பாணி ஊற்றினேன். பாதி சிரட்டைக்குள், பாதி என் கைக்குள். கையைப் பழைய சாரத் துண்டு ஒன்றில் அரைகுறையாகத் துடைத்தேன். "இனி வாசலை ஒரு துணியால அடையும்" என்றார். கையில் இருந்த துணி அதுதான். அடைத்தேன். கயிற்றால் கட்டினோம். மேலே காற்றுப் போக வலை.

கடைசி பஸ்ஸில் சனம் நிறைய. வாசலுக்குப் பக்கத்து இருக்கையில் என்னை இருத்தி, மடியில் பெட்டியை வைத்துவிட்டு, றைற் அண்ணை எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாவுக்கட்டுக் காலோடு. பஸ்ஸில் இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். அது பயணிகளுக்கான இடமாம்.

கொண்டக்ரர் பொடியன் வந்தான். "ஐயா, உந்தப் பெட்டிக்குள்ள என்ன?"

"ஆக்கள்."

"எத்தினை பேர்?"

"எண்ணேல்லை. ஒரே குடும்பம். மடியிலதானே வருகினம், ரிக்கற் தேவையில்லை."

பொடியன் சிரித்துவிட்டுப் போனான். என் பக்கத்தில் வெறும் மீன்கூடையோடு ஒரு அம்மா இருந்தார். மீன் விற்றுவிட்டு வீடு திரும்புகிறார். கழுத்தில் சிலுவை. பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இளஞ்சூடாக் கிடக்கு. கேக்கோ?"

நான் ஓமென்று தலையாட்டினேன். பேசவில்லை. பேசினால் மூச்சு விடவேண்டும். பஸ் வெளிக்கிட்ட நேரத்தில் இருந்து நான் சந்தி சந்தியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

"மணக்குது. வடிவாத்தான் கேக் அடிச்சிருக்கினம்," என்றார் அம்மா.

பரந்தன் சந்தியில் திரும்பி, வயல்வெளிக்கு நடுவால் பஸ் ஓடியது. ஒரு பெரிய பள்ளம். பஸ் ஒருமுறை வானத்துக்குப் போய் வந்தது. பெட்டியும் போய் வந்தது. வாசலை அடைத்திருந்த துணி போனது, ஆனால் வரவில்லை.

ஓட்டை திறந்திருந்தது. அதற்குள் இருட்டு. இருட்டுக்குள் இருந்து ஒருவர் நடந்து வெளியே வந்தார். என் கையில் ஏறினார். சட்டையில் ஏறினார். மெல்லப் பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியின் இடது வட்டத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

பின்னால் ஒரு பஸ் சனம். வயோதிபர், குழந்தைகள், மீன்கார அம்மா. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நான் பாயலாம். பாய்ந்தால் பெட்டி உடையும், பெட்டிக்குள் இருக்கிற அவ்வளவும் பஸ்ஸுக்குள் வரும், வேம்பு பூப்பதற்குள் பூநகரி முடியும். இவ்வளவையும் நான் யோசித்ததாகப் பிறகு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் பெருவிரல் தன் பாட்டில் போய் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. அதன் துணிச்சலைப் பார்த்து நானே திகைத்தேன்.

அடைத்த கணமே விரல்நுனியில் தொடங்கியது. சுருசுருவென்று, நூறு இடத்தில், ஊசி ஊசியாக. கொட்டுகின்றன! ஆளுக்கொன்றாக வரிசையில் நின்று கொட்டுகின்றன! இருந்த மூச்சையெல்லாம் இழுத்து அடக்கினேன்.

"தம்பி, மூச்சை விடும்," என்று பின்னால் குரல்.

விடவில்லை.

"தம்பி, மூச்சை விடுமப்பா!"

கண்ணாடியில் இருந்தவர் இரண்டாகத் தெரிந்தார். பிறகு நாலாக. பிறகு எக்ஸ்பிரஸும் ஓமந்தையும் முல்லைத்தீவும் எல்லாம் திரும்பி வந்துவிட்டன போல ஒரு பெரிய ரீங்காரம். அதோடு எனக்கு உலகம் அணைந்தது.

கண் விழித்தபோது முகம் முழுதும் தண்ணீர். மீன்கூடை மூடியால் அம்மா விசிறிக்கொண்டிருந்தார். மீன் வாசம்தான் என்னை எழுப்பியிருக்கவேண்டும். "மாதாவே, மனுசன் முழிச்சிட்டார்!" பஸ் நிற்கப் போனதாம். றைற் அண்ணை தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "நிப்பாட்டாதை! போ! இவருக்கு ஒண்டுமில்லை, மூச்சு விட மறந்துபோனார்! றைற்!" என்று கத்தினாராம். சாரதியும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு ஓட்டிவிட்டான். பெட்டி என் மடியில். என் பெருவிரல் ஓட்டையில். மயங்கிக் கிடந்தவனுடைய கையை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் எடுக்க முடியவில்லையாம்.

"அந்த ஒண்டு? கண்ணாடியில இருந்தது?" என்று கேட்டேன்.

றைற் அண்ணை சட்டைப் பையில் இருந்து நெருப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே ஏதோ கீறிக்கொண்டிருந்தது. "ஒருத்தரையும் நடுவழியில இறக்கிறேல்லை," என்றார்.

பூநகரியில் அவருடைய றைவர் சைக்கிளோடு நின்றார். தென்னைகளுக்கு நடுவே பெட்டியை இறக்கி வைத்து, என் விரலை எடுக்கச் சொன்னார்கள். நெருப்புப் பெட்டியைத் திறந்து வாசலில் பிடித்து, "இறங்குங்கோ, பூநகரி வந்திட்டுது," என்றார் றைற் அண்ணை. அது இறங்கி உள்ளே நடந்து போனது. பிறகு பெட்டியில் இரண்டு தட்டு.

உள்ளே முனகியது. உயிரோடு இருந்தார்கள்.

அவர் ரோச் லைற் அடித்து என் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. ஒரு முள்ளும் இல்லை. கழுவித் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"தம்பி, உதில பாணி பட்டிருந்ததோ?"

"ஓம் அண்ணை."

ரோச்சை அணைத்தார். பிறகு தன் றைவர் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டையில் சொன்னார்: "டேய், நூறு கொட்டு! நூறு கொட்டு வாங்கியும் மனுசன் பெட்டியை விடேல்லை!"

அந்தக் கதை எனக்கு முன்னால் கிளிநொச்சி போய்ச் சேர்ந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் எனக்கு எழும்பி இடம் தந்தார்கள். கந்தோரில் மேலதிகாரி கைகுலுக்கும்போது பெருவிரலை மட்டும் பக்குவமாக விட்டுப் பிடித்தார். நான் மறுக்கவில்லை. அடக்கமாகச் சிரித்துக்கொண்டு, சில வேளைகளில் விரலைத் தடவியும் கொண்டேன்.

பங்குனியில் வேம்பு பூத்தது. நோஞ்சான் பூநகரி நிரம்பி, ஒன்று இரண்டாகப் பிரிந்தது. றைற் அண்ணை அங்கேயே தங்கிவிட்டார். ஒருவர் ஓட்ட, ஒருவர் கத்த, கிழவர் இருவரும் தென்னந்தோட்டத்தை பஸ் போல நடத்துகிறார்கள் என்று கேள்வி. பிரிந்த பெட்டியில் ஒன்றை அதே பஸ்ஸில் எனக்கு அனுப்பி வைத்தார். பக்கத்தில் "கிளிநொச்சி" என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. இப்போது என் கிணற்றடியில் நிற்கிறது. பின்னேரம் வெக்கைக்கு அவர்கள் வாசலில் தொங்கினால் நான்தான் போய், "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு" என்று சொல்கிறேன். சொல்லும்போது மூச்சு விடத்தான் வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் இனி எனக்கு ஒருவரும் எழும்பமாட்டார்கள். றைற் அண்ணையோ இன்றுவரைக்கும் உண்மையை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன். அன்று அந்த பஸ்ஸில் என்னை ஒரு தேனீயும் கொட்டவில்லை. அவை என் விரலில் இருந்த சீனிப் பாணியை நக்கின. நான் மூச்சை அடக்கியதால் மயங்கினேன். நான் கண் விழித்தபோது, மாவுக்கட்டுக் காலில் நின்றபடி, நான் வாசல் பக்கம் சரிந்துவிடாமல், அவர் என் சட்டைக் கொலரைப் பின்னால் இருந்து இறுக்கிப் பிடித்திருந்தார். பூநகரியில் இறங்கும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.